எந்த ஊர், ஆற்றை பிள்ளை? – ஆங்கிலச் சொல்வளம் பெருக்குவது பற்றி

(கண்டாவளையில் மாணவரும் பெற்றோரும் கூடிய சபையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



ஆங்கிலச் சொல்வளத்தை விருத்தி செய்வது எப்படி என்ற விஷயத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று இச்சபையார் என்னைக் கேட்டபோது, என் மனத்திலே முதலில் எழுந்தது சிறிது நாணமே. அந்தக் காரியத்தை எப்படியெல்லாம் செய்யக்கூடாதோ அப்படியெல்லாம் இளமையிலே செய்து பார்த்தவன் நான். பழைய ஆங்கில அகராதி ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. முதற்பக்கத்தில் தொடங்கி நாளொன்றுக்கு இருபது சொல்லாக நெட்டுருப் பண்ணினேன். ஒரு மாதம் கழிந்தபோது, துறவிமடத்துத் தலைவருக்கும் மணிகோத்த கணக்குச்சட்டத்துக்கும் ஆங்கிலத்திலே வழங்கும் பெயர்கள் எனக்குத் தெரிந்திருந்தன. காய்ச்சலாதலால் இரண்டுநாள் பள்ளிக்கு வர இயலாது என்று ஒரு லீவுக் கடிதம் எழுத மாத்திரம் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பின்னும் ஒரு பாடம் எனக்குக் காத்திருந்தது. சில வருஷங்கள் சென்றபின் ஓர் அலுவலகத்திலே பணம் கட்டிவிட்டு, 'றிசிப்ட்' தாருங்கள் என்று ஆங்கிலப் பெருமிதத்துடன் கேட்டேன். முகப்பில் இருந்தவர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டை நீட்டினார். அச்சொல்லின் நடுவே எழுதப்படும் 'பீ' என்னும் எழுத்து வாயால் உச்சரிக்கப்படுவதில்லை என்பதை நான் அறியேன். வீட்டுக்கு வந்தால், ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாத என் அப்பாச்சி, "காசு கட்டினதுக்கு றிசீற் தந்தவங்களோ தம்பி?" என்று திருத்தமான உச்சரிப்பிலே கேட்டார். நெல்லு விற்ற காலமெல்லாம் சங்கத்து மனேச்சர் வாயாலே அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். புத்தகத்திலே கண்ணால் மாத்திரம் பார்த்த நான் பிழைவிட்டேன்; சீட்டும் கையுமாகக் காதால் கேட்ட அவர் பிழைவிடவில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகிற யாவும் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து நான் மெல்லமெல்லக் கற்றுக்கொண்டவை.

நமது ஊர்ப்பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடனே அவருடைய பெயரை விசாரிப்பதில்லை. "எந்த ஊர்?" என்கிறோம், "ஆற்றை பிள்ளை?" என்கிறோம், "என்ன அலுவலாய் வந்தனீங்கள்?" என்கிறோம். இம்மூன்று வினாவுக்கும் விடை கிடைப்பதற்குள் தேநீர் வந்துவிடும். முரசுமோட்டையிலோ தருமபுரத்திலோ நமக்கும் அவருக்கும் பொதுவான ஓர் உறவினர் அகப்பட்டுவிடுவார். பெயரைக் கேட்க மறந்தே போனாலும், அந்த மனிதரை நாம் மறப்பதில்லை. அகராதியிலே ஒரு சொல்லையும் அதற்கெதிரே ஒரு பொருளையும் எழுதி மனனம் செய்வதோ, வந்தவரிடம் பெயரை மாத்திரம் கேட்டுவிட்டுப் படலையைச் சாத்துவதற்கு ஒப்பாகும். மறுநாள் அவர் தெருவிலே எதிர்ப்பட்டால் அடையாளந் தெரியாது. ஆதலால் ஆங்கிலச் சொல்லையும் நமது வீட்டு வழக்கப்படியே விசாரிப்போம் என்பதுதான் என் கட்சி.

விசாரணையைத் தொடங்குமுன், ஏற்கெனவே நமது வீட்டுக்குள் குடியிருப்பவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நியாயம். தமக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது என்று இங்கே எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மெய்யன்று. பிறபாஷைச் சொற்களை வாங்கி வழங்குவது இம்மண்ணுக்குப் புதிதுமன்று. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இலே ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருஷத்துக்குக் குறைவான அந்த ஆட்சி மறைந்து மூன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், நாம் கதிரையில் இருக்கிறோம், மேசையில் எழுதுகிறோம், அலுமாரியைச் சாவியாலே திறக்கிறோம், யன்னலைச் சாத்துகிறோம், குசினியிலே சமைக்கிறோம், காலையிலே பாண் வாங்குகிறோம். இவையெல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. இவற்றை நம் முன்னோர் எந்தக் கொப்பியிலும் எழுதி மனனம் பண்ணியவர்கள் அல்லர். பொருளோடு சொல் வந்தது, சொல்லோடு பழக்கம் வந்தது, பழக்கம் முதிர்ந்தபோது அது வந்தேறி என்பதே மறந்துபோயிற்று.

அவ்வாறே ஆங்கிலச் சொற்களும் வந்தன. கோடையிலே கிணறு வற்றியதும் தண்ணீர் கொண்டுவரும் வண்டியைப் பவுசர் என்கிறோம். எரிபொருள் இறைக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த பவுசர் என்ற அமெரிக்க வியாபாரியின் பெயரே அது. இருசில்லு உழவு இயந்திரத்தை லான்ட்மாஸ்டர் என்பதும் ஒரு வியாபாரப் பெயரே. கூப்பன் என்பது 'வெட்டு' என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துச் சாமான் வாங்கிய வழக்கம் அப்பெயரிலேயே இருக்கிறது. டிரக்டர், பம், பைப், பெமிற், போம், கிளினிக், ஸ்கான், பஸ், ஸ்ராண்ட் என்று உங்கள் வீட்டில் ஒருநாளைக்கு வழங்கும் சொற்களை ஒரு தாளிலே எழுதுங்கள். நூற்றைக் கடந்தபின் நிறுத்தினாற் போதும். அந்தத் தாளே உங்களுடைய முதலாம் பாடப் புத்தகம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டுக்கு வந்தவர்கள் சிலர் நம்முடைய பழக்கவழக்கத்துக்கு இசைந்து தம் குணத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தேநீரும் வடையும் விற்கிற கடையை நாம் ஹோட்டல் என்கிறோம். ஆங்கிலத்திலே அது இராத்தங்கும் விடுதி. ஆகையால் வீட்டிலுள்ள சொல்லையும் ஒருமுறை அகராதியில் பார்த்து, அது தன் சொந்த ஊரிலே என்ன வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வது நலம்.

நாம் மாத்திரமா கடன் வாங்கினோம்? ஆங்கிலமும் நம்மிடம் வாங்கியிருக்கிறது. கட்டுமரமும் சுருட்டும் வெட்டிவேரும் மிளகுதண்ணீரும் சிறிது உருமாறி ஆங்கில அகராதியிலே இருக்கின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் வழங்கும் 'அனிகட்' என்னும் சொல் வேறொன்றுமன்று, நம்முடைய அணைக்கட்டே. ஆகவே ஆங்கிலச் சொல்லின் முன்னே கைகட்டி நிற்கவேண்டிய அவசியம் கண்டாவளைப் பிள்ளைக்கு இல்லை. இரு வீட்டாருக்கும் பழைய கொடுக்கல்வாங்கல் உண்டு.

இனி முதல் வினா: எந்த ஊர்? ஆங்கிலத்தின் கல்விச் சொற்களிலே பெரும்பங்கு இலத்தீன், கிரேக்கம் என்ற இரு பழைய பாஷைகளிலிருந்து வந்தவை. ஒரு வேரைப் பிடித்தால் ஒரு பற்றையே கையோடு வரும். வயலிலே நிற்கும் டிரக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது அது. டிரக்டர் என்றால் இழுப்பது, அவ்வளவுதான். இப்பொழுது அதன் சகோதரர்களைப் பாருங்கள். தன்பால் இழுத்தல் 'அட்ரக்ட்'. வெளியே இழுத்தல் 'எக்ஸ்ட்ரக்ட்' – பல்வைத்தியர் செய்வது அதுதான். கீழிருந்து இழுத்தெடுத்தல் 'சப்ட்ரக்ட்' – கணக்கிலே கழித்தல். இருவரைச் சேர்த்திழுத்துக் கட்டும் உடன்படிக்கை 'கொன்ட்ரக்ட்'. நம் பெரியவர்கள் கொந்தராத்து என்று சொல்லும் சொல்லும் இந்தக் குடும்பத்ததே. உழவு இயந்திரத்தின் பின்னே இத்தனை சொற்கள் பெட்டியிலேறி வருகின்றன என்று தெரிந்தால், அவற்றை மறப்பதுதான் கடினம்.

இன்னொரு வேர், சுமத்தல் என்பது. நம்மூர்ச் சொல்லிலே காவுதல். வெளியே காவுவது 'எக்ஸ்போட்', உள்ளே காவுவது 'இம்போட்', ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் காவுவது 'ட்ரான்ஸ்போட்', செய்தியைத் திரும்பக் காவி வருவது 'றிப்போட்', கீழே நின்று தாங்கிக் காவுவது 'சப்போட்'. இவ்விடத்திலே அவசரப்பட்டுப் 'பாஸ்போட்'டையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அதிலுள்ள 'போட்' துறைமுகத்தைக் குறிப்பது, துறையைக் கடக்க அனுமதிக்கும் பத்திரம் அது. முகச்சாயலைக் கண்டு உறவு சொல்லுகிறவர்கள் சிலவேளை ஏமாறுவது போலவே சொல்லிலும் ஏமாறலாம். சந்தேகம் வந்தால் அகராதியே சாட்சி.

இரண்டாவது வினா: ஆற்றை பிள்ளை? இதற்கு இரண்டு பொருள் கொள்ளவேண்டும். ஒன்று இரத்த உறவு: ஒரு வினைச்சொல்லை அறிந்தால் அதன் பெயர்ச்சொல் எது, பண்புச்சொல் எது, எதிர்ச்சொல் எது என்பதையும் அதே வேளையில் விசாரித்துவிடுவது. ஒரு முயற்சியில் நான்கு சொற்கள் கிடைக்கும். மற்றையது சகவாசம்: இந்தச் சொல் எந்தச் சொற்களோடு கூடித் திரிகிறது? நமது மாணவர் மிகுதியும் இடறுவது இவ்விடத்திலேதான். நாம் மருந்து குடிக்கிறோம். ஆங்கிலேயர் மருந்தைக் குடிப்பதில்லை, 'டேக்' என்ற வினையாலே எடுக்கிறார்கள். நாம் கனவு காண்கிறோம். அவர்களுக்குக் கனவு 'ஹாவ்' என்ற வினையாலே உண்டாகிறது. நாம் சாயம் கூடின பிளேன்ரீ என்கிறோம். அவர்கள் அதை 'ஸ்ட்ரோங்' என்கிறார்கள். 'ஸ்ட்ரோங்' என்றால் பலமான என்று மாத்திரம் எழுதிப் படித்த மாணவனுக்குத் தேநீர்க் குவளையும் பயில்வானும் ஒரு சொல்லில் அடங்குவது புரியாது. சிலவேளை இரு பாஷையும் ஒரே வழியிற் செல்வதும் உண்டு. நாம் கனமழை என்பதை அவர்களும் 'ஹெவி ரெய்ன்' என்கிறார்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிந்துபோகிறது என்று கவனிக்கிறவனுக்கே பாஷை வசப்படும்.

பொருளின் எல்லைகளும் இரு பாஷையிலும் ஒன்றல்ல. வயலில் நிற்பது நெல், மில்லிலிருந்து வருவது அரிசி, இலையில் விழுவது சோறு. விதைத்து உண்ணும் நமக்கு மூன்றும் வேறு. ஆங்கிலேயருக்கு அரிசியும் சோறும் 'ரைஸ்' என்ற ஒரே சொல். நெல்லுக்கு வழங்கும் 'படி' என்ற சொல்லையும் அவர்கள் மலாய்ப் பாஷையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மறுபுறம், குளம் என்ற நமது ஒரு சொல்லுக்கு எதிரே அவர்கள் 'பொண்ட்', 'லேக்', 'றெசவோயர்' என்று பலவற்றை நிறுத்துகிறார்கள். இலங்கை ஆங்கிலத்திலோ குளத்துக்கு 'ராங்க்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கட்டப்பெற்ற இரணைமடுவும் அரசாங்கப் பத்திரங்களில் அப்படியே குறிக்கப்படுகிறது. ஆனால், எங்கள் 'ராங்க்'கிலே முதலை கிடக்கிறது என்று நீங்கள் இலண்டனிலிருக்கும் ஒருவருக்கு எழுதினால், அவர் உங்கள் வீட்டுக் கூரைமேலுள்ள தண்ணீர்த்தொட்டியை நினைத்துத் திகைப்பார். அவருக்கு எழுதும்போது 'றெசவோயர்' என்றும், நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுதும்போது 'ராங்க்' என்றும் எழுதத் தெரிந்தவனே அச்சொல்லை உண்மையாகக் கற்றவன்.

இது நம்மை மூன்றாவது வினாவிடம் கொண்டுவந்து சேர்க்கிறது: என்ன அலுவலாய் வந்தனீங்கள்? சொல் ஒரு வாக்கியத்திலே வேலைசெய்யும்போதே அதன் குணம் வெளிப்படும். இதை நான் சொல்வதைவிட, உலகத்தின் மிகப் பெரிய அகராதிகளுள் ஒன்று உண்டான வரலாறு நன்றாகச் சொல்லும். 1857ஆம் ஆண்டிலே இலண்டன் மொழிநூற் சங்கத்தார் புதியதோர் அகராதிக்கு வித்திட்டார்கள். 1879இலே ஜேம்ஸ் மரே என்னும் பள்ளியாசிரியர் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஒக்ஸ்போட் அச்சகத்தாருடன் ஒப்பந்தஞ் செய்து ஏற்றார். புத்தகம் வாசிக்கத் தெரிந்த பொதுமக்கள் தாம் வாசிக்கும் நூல்களிலே ஒரு சொல்லைக் கண்டால், அந்தச் சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும், நூலின் பெயரையும் ஒரு சிறு தாள்துண்டில் எழுதி அனுப்பவேண்டும் என்று வேண்டுகோள் விடப்பட்டது. இலட்சக்கணக்கான துண்டுகள் வந்து குவிந்தன. முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. மரே 1915இல் காலமானார். அகராதி முற்றுப்பெற்றது 1928இல். அத்துண்டுகளிலே பொருள் எழுதும்படி யாரையும் கேட்கவில்லை. வாக்கியத்தையே கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வாக்கியங்களை அடுக்கிவைத்துப் பார்த்தே பொருளைத் துணிந்தார்கள். அகராதி செய்தவர்களே சொல்லைத் தனியாகப் பிடிக்கவில்லை என்றால், நாம் ஏன் பிடிக்கவேண்டும்?

நமது பக்கத்திலும் இத்தகைய பொறுமைக்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணத்திலே யோசேப் நைற் என்னும் பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கி, பணி முற்றுமுன்னே இறந்தார். அத்திரட்டு கைமாறிக் கைமாறி, தமிழ்ப் புலவர்களின் துணையோடு வளர்ந்து, 1862இலே சென்னையிலே மிரன் வின்சுலோவின் தமிழ் – ஆங்கிலப் பேரகராதியாக வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்கள் அதில் அடங்கின. ஒரு தலைமுறைக் காலம் சிறிது சிறிதாகச் சேர்த்ததன் பலன் அது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சொல்வளம் தேடி ஓடுகிற பிள்ளைகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே உங்கள் கொப்பியிலே ஒரு சொல்லுக்கு ஒரு வரி போதாது. சொல்லை எங்கே கண்டீர்களோ அந்த வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அதன்கீழே உங்கள் வீட்டையோ வயலையோ பள்ளிக்கூடத்தையோ பற்றிய உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். தமிழ்ப்பொருளை எழுதுவதிலே குற்றமில்லை. அது படலை, வீடன்று. கையில் சிறிது பணமும் சில வருஷப் படிப்பும் உள்ளவர்கள் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் மாணவர் அகராதி ஒன்றை வைத்திருப்பது நன்று. ஜப்பானிலே ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி என்பார், அந்நியர் எங்கே இடறுகிறார்கள் என்பதை வகுப்பறையிலே கண்டு, 1942இலே தோக்கியோவில் வெளியிட்ட அகராதியே பின்னர் ஒக்ஸ்போட் மாணவர் அகராதியாகப் பிரசித்தி பெற்றது. சொல்லின் பொருளை மாத்திரமன்றி, அதை எப்படிப் பிரயோகிப்பது என்பதையும் அது வாக்கியங் காட்டிச் சொல்லும். கைத்தொலைபேசியிலும் இன்று அது கிடைக்கும், உச்சரிப்பையும் கேட்கலாம். என்னைப்போல் ஒருவர் முகப்பிலே நின்று வெட்கப்படவேண்டிய அவசியம் இனி இல்லை.

ஊரிலுள்ள எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அழைக்க முடியாது. யாரை முதலில் அழைப்பது? வங்காளத்திலே, டாக்காவில், ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் இக்கேள்வியை ஆராய்ந்தார். நம்மைப்போன்ற கிராமத்துப் பிள்ளைகள் சில வருஷம் மாத்திரம் படித்துவிட்டு நின்றுவிட்டாலும் ஆங்கிலம் வாசிக்கும் சக்தியாவது மிஞ்சவேண்டும் என்பது அவர் கவலை. மிகுதியாக வழங்கும் ஏறக்குறைய 2000 சொற்களை அவர் 1953இலே தொகுத்து வெளியிட்டார்; சாதாரணமான ஓர் ஆங்கில நூலின் பக்கத்திலே ஐந்தில் நான்கு பங்கை அச்சொற்களே நிரப்பிவிடுகின்றன. 2000ஆம் ஆண்டிலே நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட், கல்விநூல்களிலே எல்லாத் துறைக்கும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தெரிந்தெடுத்தார். இங்கிருந்து அதிக தூரமில்லாத அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. அங்கே பாடம் நடப்பது ஆங்கிலத்திலே. தமிழிலே கணிதமும் பௌதிகமும் படித்துச் சித்தியடைந்த நமது பிள்ளை அந்த வாசலிலே தயங்கி நிற்பது பெரும்பாலும் பாடத்தின் கடினத்தாலன்று. 'எனலைஸ்', 'அஸ்யூம்', 'டேற்றா', 'மெதட்' போன்ற இந்தப் பொதுச்சொற்கள் பழகாமையாலே. கணக்குப் பாருங்கள்: நாளுக்கு ஐந்து சொல், வருஷத்திலே முந்நூறு நாள், ஆயிரத்தைந்நூறு சொல். இரண்டு வருஷத்திலே இவ்விரு பட்டியலையும் கடந்துவிடலாம்.

ஆனால் வந்த சொல் தங்கவேண்டுமே! 1885இலே ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனனம் செய்து, எவ்வளவு காலத்திலே எவ்வளவு மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். படித்த முதல்நாளிலேயே மறதி மிக விரைவாகப் பாய்ந்து, பிறகு மெல்லமெல்ல நடக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகையால் மறப்பதற்கு முன்னே மீண்டும் பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் இடைவெளியைச் சிறிது நீட்டுவதும்தான் பரிகாரம். செபஸ்தியான் லைட்னர் என்னும் இன்னொரு ஜெர்மானியர் 1972இலே இதற்கு ஓர் எளிய உபாயம் சொன்னார். நம்மூர் வழியில் அதைச் சொல்கிறேன். வெறுமையான பால்மாப் பெட்டிகளை வெட்டினால் நல்ல அட்டைத்துண்டுகள் கிடைக்கும். ஒருபுறத்திலே சொல், மறுபுறத்திலே வாக்கியமும் பொருளும். ஐந்து விசுக்கோத்துப் பேணிகளை வரிசையாக வையுங்கள். புதிய துண்டுகள் முதற்பேணியிலே. அதை நாள்தோறும் பாருங்கள். சரியாகச் சொன்ன துண்டு இரண்டாம் பேணிக்குப் போகும். அதை மூன்று நாளுக்கொருமுறை பாருங்கள். அடுத்ததை வாரத்துக்கொருமுறை, அதற்கடுத்ததை இரண்டு வாரத்துக்கொருமுறை, கடைசியை மாதத்துக்கொருமுறை. தவறவிட்ட துண்டு எந்தப் பேணியிலிருந்தாலும் முதற்பேணிக்குத் திரும்பிவிட வேண்டும். இரக்கங் காட்டக்கூடாது. செலவு ஒரு சதமுமில்லை.

புத்தகம் எங்கே என்று கேட்பீர்கள். பிரதேச செயலகத்திலே கிடைக்கும் பல படிவங்களிலே தமிழும் ஆங்கிலமும் வரிக்குவரி அருகருகே நிற்கின்றன. விலைகொடாமல் கிடைக்கும் இருமொழிப் பாடம் அது. தெருவோரப் பெயர்ப்பலகை மும்மொழியிலே இருக்கிறது. யூரியாப் பையிலே 46 வீதம் நைதரசன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதோடு, ஈரம்படாமல் வைக்கும்படி ஒரு வாக்கியமும் இருக்கும். ஏவல்வினையை அதிலே படிக்கலாம். தாய்மார் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியிலுள்ள சொற்களைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். இவற்றின்மேலே கதைப்புத்தகம். ஒரு பக்கத்திலே தெரியாத சொல் ஐந்துக்கு மேற்பட்டால் அந்தப் புத்தகத்தை மூடிவைத்து அதைவிட எளியதை எடுங்கள். எளிய புத்தகத்தை முழுவதும் வாசிப்பது, கடினமான புத்தகத்தை மூன்றாம் பக்கத்திலே கைவிடுவதிலும் மேலானது. பின்பு வாயால் சொல்லுங்கள். குளக்கட்டு, துருசு, வாய்க்கால், வான்பாயும் இடம் என்று உங்கள் குளத்தை ஒருமுறை ஆங்கிலத்திலே வருணித்துப் பாருங்கள். பத்துச் சொல் தேவைப்படும், பத்தும் உங்களுடையவை ஆகிவிடும்.

பேசுவதற்குப் பயம் என்கிறீர்கள். சிங்களத்திலே ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுவதற்கு அது பயன்படுகிறது என்ற மனவேதனை அப்பெயரிலே இருக்கிறது. இலங்கை அரசியற் சாசனத்தின் 1987ஆம் ஆண்டுத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்புமொழி என்று கூறிற்று. வாளை இணைப்பாக மாற்றுவது சட்டத்தால் மாத்திரம் ஆகாது, பிழையாகப் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத சபையாலேதான் ஆகும். தமிழ் குன்றிவிடும் என்று அஞ்சுகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலங் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளையே ஏட்டிலே அழிந்துகொண்டிருந்த தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகளே தமிழிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமைதாங்கியவர். ஒரு பாஷையிலே சொல்லின் உறவை விசாரிக்கப் பழகியவன் மறு பாஷையிலும் விசாரிப்பான்.

முடிவாக என் சொந்த விஷயம் ஒன்று. 2009ஆம் ஆண்டுக்கு முன்னும் அவ்வாண்டிலும் இப்பிரதேசத்து மக்கள் யுத்தத்தினாலே வீடுவாசலை விட்டுப் பலமுறை எழுந்து போனார்கள். அந்தப் பழைய அகராதியும், இருபது வருஷமாக நான் எழுதிய கொப்பிகளும் அப்படிப் போன வழியிலே போயின. கையிலே காவ முடிந்தவை சிலவே. திரும்பி வந்து அமர்ந்து, எது மிஞ்சியது என்று மனத்துக்குள்ளே தடவிப் பார்த்தேன். நெட்டுருப் பண்ணிய சொற்களிலே மிஞ்சியவை மிகச் சில. ஆனால் யாரிடமிருந்து, எந்த வாக்கியத்திலே, எந்த அலுவலின் நடுவே கேட்டேன் என்று சொல்லக்கூடிய சொற்கள் அத்தனையும் இருந்தன. அப்பாச்சி கேட்ட 'றிசீற்' இன்றைக்கும் அவர் குரலோடேயே இருக்கிறது.

நம்மூரிலே விடைபெறுகிறவர் எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் திருத்துவார்கள். "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சொல்லிடமும் அந்த வாக்கை வாங்கிக்கொண்டே படலைவரை சென்று வழியனுப்புங்கள். மூன்றாம் நாள் அது வராவிட்டால் நீங்களே தேடிச் செல்லுங்கள்.

 போட்டு வாறன்.